சராசரிகளை எடையிட்ட மகாலனோபிஸ்

பெங்களூரில் மைசூர்ச் சாலை வழியே செல்லும் நம்மவர் பலரும் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வளாகத்தைக் கண்டிருப்பர். கல்கத்தாவில் 1931 இல் அக்கழகத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் என்னும் வங்கப் பெரியாரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1893 ஜூன் 29 இல் கல்கத்தாவிற் பிறந்த அவர், பௌதிகம் பயின்று கேம்பிரிட்ஜ் சென்றார். 1914 இல் நம் கணித மேதை இராமானுஜன் அங்கு வந்தபோது இருவரும் நண்பராயினர். குளிரில் நடுங்கிய இராமானுஜனுக்குக் கம்பளிகளினிடையே நுழைந்து படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் மகாலனோபிஸே. தமிழர் இதனை மறத்தல் ஆகாது.

1915 இல் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது போரினால் கப்பல் தாமதமாயிற்று. அவ்விடைவேளையில் கல்லூரி நூலகத்தில் கார்ல் பியர்சனின் பயோமெட்ரிகா என்ற இதழ்த் தொகுதிகளைக் கண்டார். அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்தார். பௌதிக ஆசிரியர் புள்ளியியலாளரானது இவ்வாறே.

1920 இல் நாகபுரியில் நடந்த விஞ்ஞான மாநாட்டில் அன்னண்டேல் என்பார் கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராயுமாறு அவரை வேண்டினார். (என்ஜின் டிரைவர்களாயும் கார்டுகளாயும் நம் இரயில்வேயில் விளங்கிய சமூகத்தார் அவர்.) அவர்தம் உயரத்தைப் பற்றிய கட்டுரை 1922 இல் வெளிவந்தது.

இரு கூட்டத்தாரின் சராசரிகள் வேறுபடுகின்றன எனில் அது மெய்யான வேறுபாடா, தற்செயலா? நமக்குப் பழகிய உதாரணம் கொள்வோம். ஒரு வண்டி சராசரி 12 நிமிடமும் மற்றொன்று 15 நிமிடமும் பிந்தி வருகின்றன என்க. மூன்று நாட் கணக்கைக் கொண்டு இரண்டாவதே மோசம் எனத் தீர்ப்பளித்தல் முறையன்று. ஆதலின் வேறுபாடே இல்லை என முதலிற் கொண்டு, அங்ஙனமாயின் இத்துணை இடைவெளி தற்செயலாய்த் தோன்றுதல் எவ்வளவு அரிது எனக் கணிப்பர். மிக அரிதாயின் முதற்கொள்கையைக் கைவிடுவர். சிறு கணக்குகளுக்கு இச்சோதனை பயன்பட 1908 இல் வழிகோலியவர், டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையிற் பணிபுரிந்த காசெட் என்பார்.

ஆனால் பதினாயிரம் நாட் கணக்கு இருப்பின் அரை நிமிட வேறுபாடும் சோதனையில் தேறிவிடும். அவ்வரை நிமிடத்தால் பிரயாணிக்கு ஆவதென்ன? மக்களினங்களை ஒப்பிடப் பியர்சன் வகுத்த கெழு, அளக்கப்பட்டோர் தொகை பெருகப் பெருகத் தானும் பெருகிற்று. வேறுபாடு உண்டா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி என மகாலனோபிஸ் வாதித்தார். பியர்சன் இசைந்திலர். மண்டையோட்டை அளந்து மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுத்த காலம் அது. கோல் பிழைபட்டால் அண்டை வீட்டாரும் அந்நியராவர்.

1936 இல் அவர் தம் தூர அளவையை நிலைநாட்டினார். ஒரு குழுவினுள்ளேயே மக்கள் தம்முள் மாறுபடும் அளவை அது கோலாகக் கொள்கிறது. உயர்ந்தவருக்குக் கைகால்களும் நீளுமாதலின், ஒன்றையே இருமுறை எண்ணாவண்ணம் திருத்தியும் கொள்கிறது. அவருடன் பணிபுரிந்த போஸும் ராயும் அதற்குரிய கணிதத்தை நிறைவு செய்தனர்.

ஒரிசாவில் 1926 இல் பெருவெள்ளம் வந்தபோது, பொறியாளர் குழு ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டதெனக் கூறிக் கரைகளை உயர்த்தச் சொன்னது. மகாலனோபிஸ் அறுபதாண்டுக் கணக்கை ஆராய்ந்து, படுகையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, கரையை உயர்த்துவதாற் பயனில்லை எனக் காட்டி, மேற்பகுதியில் அணை கட்டலே வழி என்றார். கரைக்கு இறைக்கவிருந்த பணத்தையும் கரையை நம்பியிருக்கும் உயிர்களையும் எண்ணினால், அவர் பணிகளுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்வோம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்த புகழ் இதற்குப் பின்னதே.

1972 ஜூன் 28 இல், எழுபத்தொன்பது நிறைய ஒரு நாள் இருக்கையில், அவர் மறைந்தார். அவர் கழகத்தில் 1941 இற் சேர்ந்த சி. ஆர். ராவ், நம் கர்நாடகத்து ஹடகலியிற் பிறந்தவர். சூடான் நாட்டுக் கல்லறைகளில் எடுத்த எலும்புகளை ஆராய 1946 இல் கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது. பியர்சன் ஏற்காத அதே அளவையைக் கொண்டே அவர் அவற்றை ஒப்பிட்டார்.