இரண்டு மட்டை பிடித்த எம். ஜே. கோபாலன்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். எழுத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். லேப் ரெக்கார்டையே பக்கத்து பெஞ்ச் நண்பனைப் பார்த்து எழுதியவன் நான். ஆனால் இந்தச் சந்திப்புக்கு வருகிறோம் என்றாலே எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இறுதியாண்டில் மண்டல கிரிக்கெட் போட்டியின் அரையிறுதியும், ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வும் ஒரே நாளில் வந்தன. நான்தான் நம்ம டீமின் முதல் ஓவர் போடுகிறவன். முந்தின நாள் ராத்திரி சின்னசேலத்தில் சென்னை பஸ் ஏறிவிட்டேன். வேலை கிடைத்தது. நம்ம டீம் 9 ரன்னில் தோற்றது. பதினான்கு வருஷமாகியும் நண்பர்கள் அந்த 9 ரன்னை மறக்கவில்லை. நானும்தான்.

இதே மாதிரி, ஆனால் இதைவிட நூறு மடங்கு பெரிய சிக்கல் ஒன்று எம். ஜே. கோபாலனுக்கு வந்தது. பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1909 ஜூன் 6-ல் செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். பெயரின் முன்னால் நிற்கும் 'எம்' அந்த ஊர்தான். குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்தது. அங்கே கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் பையன் பிரகாசித்தான். அவருடைய வேகப்பந்தைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர். பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். கிரிக்கெட் ஆடினால் சோறு கிடைக்காத காலம் அது. மாசச் சம்பளம் ஒன்று நிலையாக இருந்ததால்தான் கிராமத்துப் பையன் ஒருவர் மைதானத்தில் நிலைக்க முடிந்தது. இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. எதிரில் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து, நமக்கு சி. கே. நாயுடு கேப்டன். அதில் கோபாலன் ஆடினார், ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் நடந்தது. சொந்த ஊர் மைதானம். ஆனால் அந்த அணியில் அவர் இல்லை. அதன் பிறகும் டெஸ்ட் வாய்ப்பு வரவேயில்லை.

அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம் அது. அதன் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை ஜெயித்தது.

கிரிக்கெட் இப்படிப் போய்க்கொண்டிருக்க, ஹாக்கியிலும் அவர் சளைக்கவில்லை. 1935-ல் தியான்சந்தோடு இந்திய அணியில் நியூசிலாந்து போனார். அந்தச் சுற்றுப்பயணத்தில் நம்மவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோல்களைப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டு ஆட்டங்களிலும் நாட்டுக்காக ஆடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

1936 வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணி. இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்கு கிரிக்கெட் அணி. ஒருவர் இரண்டுக்கும் போக முடியாது. ஹாக்கியில் 1928-லும் 1932-லும் இந்தியா தங்கம் வாங்கியிருந்தது; மூன்றாவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிரிக்கெட்டில் நாம் டெஸ்ட் ஆட ஆரம்பித்தே நாலு வருஷம்தான், ஒரு வெற்றிகூட இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார்.

அந்தப் பயணம் சரியாக அமையவில்லை. விஜயநகரம் மகராஜ்குமார் கேப்டன். அணிக்குள் கோஷ்டிப் பூசல். லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வி. கோபாலனுக்கு அந்த மூன்றில் ஒன்றில்கூட இடமில்லை.

தேதிகளை ஒத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் தொடங்கியது ஆகஸ்ட் 15. அதே 15-ந் தேதிதான் பெர்லினில் தியான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது. ஒரே நாள். பெர்லினில் தங்கப் பதக்கம். ஓவலில் அணியில் இடமே இல்லை. அன்று அந்த மனுஷன் எப்படித் தூங்கியிருப்பார்?

நானாக இருந்தால் ஊர் திரும்பியதும் மட்டையைப் பரணில் போட்டிருப்பேன். அவர் போடவில்லை. சென்னைக்குத் தொடர்ந்து ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். மொத்தம் 78 முதல்தர ஆட்டங்கள், 194 விக்கெட்டுகள். அவர் 25 வருஷம் ஆடியதைக் கொண்டாடும் விதமாக 1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை தொடங்கியது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்ததே 1981-ல்தான். அதுவரை அவர்களுக்கு வெளிநாட்டு அணியோடு ஆடிப் பழக இந்தக் கோப்பை பெரிய உதவியாக இருந்தது. ஆட்டத்தை விட்டபின் இந்திய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். ஓவலில் இடம் கிடைக்காமல் உட்கார்ந்தவர் கையிலேயே, யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் பொறுப்பு வந்தது. 2003 டிசம்பர் 21-ல் சென்னையில் தமது 94-வது வயதில் காலமானார்.

அவர் தேர்ந்தெடுத்தது சரியா தப்பா என்று நானும் பலமுறை யோசித்தாயிற்று. பதக்கக் கணக்குப்படி தப்புதான். ஆனால் பெர்லின் போயிருந்தால் அவர் பெயரில் ஒரு கோப்பை வந்திருக்குமா என்றும் சொல்ல முடியாது. முடிவெடுக்கிற நாளில் யாருக்கும் ஆகஸ்ட் 15 தெரிவதில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒன்றில் ஏறுங்கள். ஏறியபின் மற்றதைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். எனக்கு அந்த 9 ரன் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. அதனால் சந்திப்பு அன்று சாயங்காலம் பழைய டீமும் மாணவர் அணியும் ஒரு பத்து ஓவர் ஆட ஏற்பாடு செய்யும்படி சங்கத்தைக் கேட்டிருக்கிறேன். முதல் ஓவர் நான்தான். அன்று எந்த பஸ்ஸும் ஏறமாட்டேன்!