குருதியில் மருந்தைக் கண்ட பெஹ்ரிங்

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகை முடக்கியிருந்த வேளையில், நோயிலிருந்து தேறியவர்களின் குருதியிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து நோயாளருக்குச் செலுத்தும் முயற்சி பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டது. அதனைப் புதியதொரு கண்டுபிடிப்பென எண்ணியோர் நம்மிடையே பலர். உண்மையில் அவ்வழி திறக்கப்பட்டு அப்போதே நூற்று முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. திறந்தவர்களுள் ஒருவர் ஜேர்மனிய வைத்தியர் எமில் வொன் பெஹ்ரிங்.

அன்றைய பிரஷ்யாவிலும் இன்றைய போலந்திலும் அடங்கும் ஹான்ஸ்டோர்ப் என்ற சிற்றூரில் 1854 மார்ச் 15இல் அவர் பிறந்தார். தந்தை பாடசாலை ஆசிரியர். வீட்டிலோ பதின்மூன்று பிள்ளைகள். பல்கலைக்கழகப் படிப்புக்கு வசதியில்லாமையால் 1874இல் பேர்லினிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கட்டணமின்றிக் கற்பதற்குக் கைம்மாறாக நெடுங்காலம் இராணுவ வைத்தியராகப் பணியாற்ற வேண்டும் என்பது அங்குள்ள நிபந்தனை. புண்களுக்கு இடும் அயடோபோம் என்ற மருந்தை அவர் ஆராய்ந்தது அந்தப் பணிக்காலத்திலேதான். அம்மருந்து கிருமியைக் கொல்வதைவிடக் கிருமி சுரக்கும் நஞ்சையே முறிக்கிறது என அவர் கருதினார். அவரது பிற்காலப் பணி முழுவதற்கும் இந்த எண்ணமே வித்தாயிற்று.

1889இல் பேர்லினில் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் இணைந்தார். ஏற்புவலிக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்திருந்த ஜப்பானியரான ஷிபாசபுரோ கிட்டசாட்டோவும் அங்கே பணியாற்றினார். முயல்களுக்கு ஏற்புவலிக்கெதிரான நிர்ப்பீடனத்தை ஏற்படுத்திய பின்னர், அவற்றின் குருதியிலிருந்து பெற்ற சீரத்தை இருவரும் எலிகளுக்கு ஏற்றினர். கொல்லும் அளவு நஞ்சைச் செலுத்தியும் எலிகள் பிழைத்துக்கொண்டன. ஓர் உயிரின் எதிர்ப்பாற்றலை மற்றோர் உயிருக்குக் கடனாகக் கொடுக்க முடியும் என்ற உண்மை 1890 டிசம்பரில் வெளியாயிற்று. இன்று நாம் பிறபொருளெதிரி என்று அழைப்பது அந்தச் சீரத்தில் இருந்த பொருளைத்தான்.

தொண்டைக்கரப்பன் அக்காலத்தில் குழந்தைகளின் காலனாக இருந்தது. தொண்டையில் படரும் சவ்வு மூச்சை அடைக்கும்; நஞ்சு இதயத்தைத் தாக்கும். பெஹ்ரிங்கின் முதற் சீரங்கள் வலுக்குறைந்தவை. ஒரு தொகுதி பலனளிக்கும், மற்றொன்று கைவிடும். சீரத்தின் வீரியத்தை அளந்து நிறுக்கும் முறையை வகுத்தவர் போல் ஏர்லிக். 1894இல் ஹெக்ஸ்ட் நிறுவனம் சீரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பரிஸில் எமில் ரூ குதிரைகளிலிருந்து பெற்ற சீரத்தைச் சிறுவர் வைத்தியசாலையில் பயன்படுத்தியபோது, ஏறத்தாழப் பாதியாக இருந்த இறப்பு வீதம் கால்வாசியாகக் குறைந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. நோய் தொடங்கிய முதலிரு நாட்களில் சீரம் கொடுக்கப்பட்ட பிள்ளைகளே பெரும்பாலும் தப்பினர். குருதியில் மிதக்கும் நஞ்சைச் சீரம் பிடித்துக்கொள்ளும். கலங்களினுள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் மீட்க முடியாது.

இதே பாடத்தைத்தான் கொரோனாக் காலம் மறுபடியும் விலைகொடுத்துக் கற்றது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பிளாஸ்மா இறப்பைக் குறைக்கவில்லை என 2021இல் தெரிந்தது. ஆர்ஜென்டீனாவிலோ பிறபொருளெதிரி செறிந்த பிளாஸ்மாவை அறிகுறி தோன்றி மூன்று நாட்களுக்குள் முதியோருக்கு வழங்கியபோது, கடும் சுவாச நோய்க்கு உள்ளானோர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தனர். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய பிறபொருளெதிரி மருந்துகளும் தொடக்கத்தில் பயன்தந்தன. எனினும் 2021 இறுதியில் ஒமிக்ரோன் திரிபு தோன்றியதும் அவற்றுட் பல வலுவிழந்தன. பரிசோதனையிலும் காலமே முக்கியம். பிறபொருளெதிரிகள் தென்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள் செல்லும். ஆகவே அப்பரிசோதனை கடந்துபோன தொற்றை அறிய உதவுமேயன்றி, நேற்றுப் பிடித்த தொற்றை அறிவிக்காது. இது விளங்காமல் 'இல்லை' என்ற முடிவை நம்பி நடமாடியவர்களையும் அந்நாட்களில் கண்டோம்.

1901இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பெஹ்ரிங்குக்கு வழங்கப்பட்டது. கிட்டசாட்டோவுக்கு அதில் பங்கில்லை. இது நீதியன்று என்றே நாம் கருதுகிறோம். ஏர்லிக்குடனான நட்பும் கசந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1908 வரை செல்ல வேண்டியிருந்தது. பெஹ்ரிங்குக்குப் பிரபுப் பட்டமும் செல்வமும் சேர்ந்தன. மன அமைதிதான் சேரவில்லை. காசநோய்க்கு மருந்து காணும் முயற்சி தோற்றது. கடும் மனச்சோர்வினால் சில ஆண்டுகளைச் சிகிச்சை நிலையத்தில் கழித்தார். ஆயினும் 1913இல் நஞ்சையும் எதிர்நஞ்சையும் கலந்து தொண்டைக்கரப்பனுக்குத் தடுப்பு மருந்தொன்றை முன்வைத்தார். முதலாம் உலகப் போரில் காயமுற்ற எண்ணற்ற படையினரை ஏற்புவலியிலிருந்து காத்தது அவரும் கிட்டசாட்டோவும் கண்ட வழியே.

1917 மார்ச் 31இல் மார்பர்க் நகரில் அவர் காலமானார். அங்கே 1904இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ஆலையொன்றை, பல கைகள் மாறிய பின்னர், 2020இல் பயோன்டெக் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டில் அங்கிருந்து கொரோனாத் தடுப்பூசிகள் வெளிவந்தன.