மாட்டேன் என்று சொன்ன டாக்டரம்மா



நம்ம ரமணாசிரமம் பக்கம் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத்தான். அதை ஆரம்பித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

இவர் 9.12.1870 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா, அப்பா எல்லாருமே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். ஐடா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் வாடிய பிள்ளைகளுக்குத் தன் கையால் சாப்பாடு ஊட்டினாராம். அந்தக் கஷ்டத்தைப் பார்த்ததாலோ என்னவோ, மிஷனரியாக மட்டும் ஆக மாட்டேன் என்று முடிவு செய்தார். அமெரிக்காவில் படித்து, கல்யாணம் செய்து அங்கேயே இருக்கணும் என்பதுதான் அவர் ஆசை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் 1890-இல் திண்டிவனம் வந்தார். (நம்ம ஊர்லேர்ந்து செஞ்சி வழியா போனா வருமே, அதே திண்டிவனம்தான்.) ஒருநாள் ராத்திரி ஒரு பிராமணர் வந்தார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி கைவிட்டுவிட்டார். ஐடா தன் அப்பாவை அழைத்துப்போகச் சொன்னார். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். ஐடாவோ அப்போது வைத்தியம் படிக்காதவர். அடுத்து ஒரு முஸ்லிம், அதற்குப் பிறகு இன்னொரு இந்து. மூன்று பேருக்கும் அதே நிலைமை, அதே பதில். விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அதில் அந்தப் பிராமணரின் மனைவிக்கு வயது 14. நம்ம ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோட வயசு!

அன்றைக்கே ஐடா மனசு மாறினார். இயேசு கூப்பிட்டவுடன் பேதுருவும் அந்திரேயாவும் வலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனதாக சுவிசேஷத்தில் வருகிறது. ஐடா அந்த மாதிரி இல்லை. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இன்னொரு கதை சொல்கிறார். அப்பா தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது ஒரு மகன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு போய் வேலை செய்தான். இன்னொருவன் சரி என்றான், போகவே இல்லை. ஐடா அந்த முதல் மகன் மாதிரி. எனக்கு அவங்களைப் பிடிச்சதுக்குக் காரணமே இதுதான். வாயால் சரி சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

மறுபடி அமெரிக்கா போய் 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூர் வந்தார். அப்பா அந்த வருஷமே இறந்துவிட்டார். ஆனாலும் திரும்பிப் போகவில்லை. முதலில் வைத்தியம் பார்த்தது வீட்டில் ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு. நியூயார்க்கில் ஷெல் என்பவர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 1902-இல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தார். குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தியும் வைத்தியம் பார்த்தார்.

ஒரே ஆள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909-இல் நர்சுப் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி. பொண்ணுங்க டாக்டருக்குப் படிக்க வருவாங்களான்னு அப்போ சந்தேகப்பட்டவங்க இருந்தாங்க. ஆனால் 1922-இல் முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். பசங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-இல்தான்!

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 24.5.1960 அன்று கொடைக்கானலில் காலமானார். வயது 89. சி.எம்.சி. வாசலில் இருக்கும் ரோட்டுக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்றுதான் பெயர். வேலூர் போனால் போர்டைப் பாருங்க.