வானத்தில் பெட்ரோல் பிடித்தவர்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அது தேருக்கு மட்டுமல்ல, ஆகாய விமானத்துக்கும் பொருந்தும் என்பதை ஒரு மனிதருடைய வாழ்க்கையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் சர் ஆலன் காப்ஹம். அவசரத்தில் 'கோபம்' என்று வாசித்துவிடாதீர்கள், மனிதர் பெரிய பொறுமைசாலி! பறந்துகொண்டிருக்கிற விமானத்துக்கு இன்னொரு விமானத்திலிருந்து குழாய் போட்டுப் பெட்ரோல் கொடுப்பதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் இவர்.

நம் இந்திய விமானப்படையில் இந்த வேலைக்கென்றே 78-ஆவது படைப்பிரிவு 2003-இல் ஆக்ராவில் தொடங்கப்பட்டது. உலகத்தில் இப்படிப்பட்ட படைப்பிரிவு எதை எடுத்துக்கொண்டாலும், அதன் கதையைத் தோண்டிக்கொண்டே போனால் இந்த மனிதரிடம் வந்து சேரலாம். அதனால்தான் நம் ஆண்டு மலரில் இவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

குதிரைக்கு வைத்தியம், பிறகு விமானம்

காப்ஹம் 1894 மே 6-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பெரிய பட்டம் எதுவும் வாங்கியவரில்லை. முதல் உலகப் போரில் ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில் சேர்ந்து, பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் குதிரைகளைக் கவனித்தார். 1917-இல் விமானப் பிரிவுக்கு மாறி, அடுத்த வருடமே மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். போர் முடிந்ததும் வேலை இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை விமானத்தில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிற மாதிரிதான்! 1921-இல் டி ஹாவிலாண்ட் கம்பெனியில் விமானியாகச் சேர்ந்தார்.

1924 நவம்பரில் அந்நாட்டு விமானத்துறைத் தலைவரை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து இந்தியா வழியாக ரங்கூன் வரை போய், 1925 மார்ச்சில் திரும்பினார். அடுத்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை போய் வந்தார். 1926 ஜூன் 30-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். இந்தப் பயணங்களில் எல்லாம் கூடவே போனவர் எலியட் என்கிற இன்ஜினியர். இன்ஜினைப் பிரித்து, துடைத்து, மாட்டி, மறுநாள் காலையில் பறக்கத் தயாராக வைப்பவர் அவர்தான்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பாக்தாத்துக்கும் பாஸ்ராவுக்கும் நடுவில் விமானம் தாழ்வாகப் பறந்தபோது கீழிருந்து யாரோ துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். குண்டு எலியட் மேல் பாய்ந்து அவர் இறந்து போனார். காப்ஹம் மனம் ஒடிந்தாலும், விமானப்படையிலிருந்து ஒரு சார்ஜென்டை மெக்கானிக்காகச் சேர்த்துக்கொண்டு பயணத்தை முடித்தார். 1926 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் பார்லிமெண்ட் கட்டடத்துக்கு எதிரிலேயே தேம்ஸ் நதித் தண்ணீரில் வந்து இறங்கினார். கரையெல்லாம் கூட்டம். அந்த வருடமே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பட்டம் ஒருவருக்கு, உயிர் ஒருவருக்கு என்று ஆகிப்போனதை நாம் மறக்கக்கூடாது.

ஏன் வானத்தில் ஊற்ற வேண்டும்?

தரையில் இறங்கி டேங்கை நிரப்பிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். விமானத்துக்கு அதிகக் கஷ்டம் தரையை விட்டுக் கிளம்பும்போதுதான். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை முதலில் நகர்த்தத்தான் நாலு பேர் வேண்டும், உருள ஆரம்பித்துவிட்டால் ஒருவரே தள்ளிவிடலாம் இல்லையா? அதுபோல, ஒரு விமானம் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய எடையைவிட, வேகம் பிடித்து மேலே போன பிறகு தாங்கக்கூடிய எடை அதிகம். ஆகவே பெட்ரோலைக் குறைத்து, சரக்கை அதிகம் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியது. பாக்கிப் பெட்ரோலை மேலே போய் வாங்கிக்கொள்ள வேண்டியது. இதுதான் கணக்கு!

இதை முதலில் செய்தவர் காப்ஹம் அல்ல. 1923-லேயே அமெரிக்க ராணுவ விமானிகள் மேல் விமானத்திலிருந்து குழாயைத் தொங்கவிட, கீழ் விமானத்தில் இருந்தவர் அதைக் கையால் பிடித்து டேங்கில் சொருகிக் காட்டினார்கள். ஆனால் அது சாகசமாகவே நின்றுவிட்டது. அதைத் தினசரி நம்பிச் செய்யக்கூடிய தொழிலாக மாற்ற வேண்டும் என்று இறங்கியவர் காப்ஹம். 1932 முதல் 1935 வரை ஊர் ஊராக விமான சர்க்கஸ் நடத்திக்கொண்டே இந்த ஆராய்ச்சியையும் செய்தார். இதற்கென்று 1934-இல் ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

கறுப்பு நாள்

1934 செப்டம்பர் 22. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து, அப்போது நம் இந்தியாவோடு சேர்ந்திருந்த கராச்சி வரை எங்கும் இறங்காமல் போவது என்று திட்டம். விமானம் ஏர்ஸ்பீட் கூரியர். வழியில் பெட்ரோல் கொடுக்கப் பழைய ஹேண்ட்லி பேஜ் டபிள்யூ-10 பயணி விமானங்களை டேங்கராக மாற்றியிருந்தார்கள். காப்ஹம் ஓட்ட, கூட வந்த ஹெல்மோர் என்கிற அதிகாரி கூரைத் திறப்பு வழியாக உடம்பை வெளியே நீட்டி, மேலேயிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக் குழாயை இழுத்துச் சொருக வேண்டும். காற்று எப்படி அடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இங்கிலாந்துக்கு மேலே முதல் பெட்ரோல் ஏறியது. மால்டா தீவுக்கு மேலே இரண்டாவதும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் காப்ஹம் திராட்டிலைத் தள்ளினால் இன்ஜின் கேட்கவில்லை. திராட்டில் இணைப்பில் இருந்த ஒரு ஸ்பிளிட் பின் கழன்று விழுந்துவிட்டது. நம் ஒர்க்ஷாப்பில் டப்பா நிறையக் கிடக்கிறதே, அதே சாமான்தான். வேறு வழியில்லாமல் மால்டாவில் சக்கரம் இறக்காமலேயே வயிற்றால் தரையிறக்கினார். இருவரும் பிழைத்தார்கள். கராச்சி கனவாகப் போனது.

அதைவிடப் பெரிய இடி பின்னால் காத்திருந்தது. இங்கிலாந்தில் முதல் பெட்ரோலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய டபிள்யூ-10 விமானம் அதே நாளில் ஆஸ்டன் கிளின்டன் என்ற கிராமத்தில் விழுந்து நொறுங்கி, அதில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். காரணம், வால் பகுதியைத் தாங்கும் கம்பியில் ஏற்பட்ட பழுது. ஒரே நாளில் இரண்டு விமானம் போனது. இரண்டிலும் பெட்ரோல் குழாய் சரியாகத்தான் வேலை செய்தது. கைவிட்டது சின்னச் சாமான்கள்தான்!

கையை வெளியே எடுத்தார்

இந்த இடத்தில்தான் காப்ஹம் எனக்குப் பிடித்துப் போனார். தோல்விக்குப் பிறகு அவர் இன்னும் தைரியமான ஆளைத் தேடவில்லை. ஆளுடைய தைரியமே தேவைப்படாத முறையைத் தேடினார்.

அட்சர்லி என்ற விமானப்படை அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அதன் உரிமையைக் காப்ஹம் கம்பெனி வாங்கி வளர்த்தது. பெட்ரோல் வாங்கும் விமானம் ஓர் இரும்புக் கயிற்றைப் பின்னால் தொங்கவிடும். டேங்கர் விமானம் கொக்கி வைத்த கயிற்றைச் சுட்டு அதைப் பிடித்து இழுத்து, தன் குழாயை அதில் மாட்டிவிடும். மற்ற விமானம் கயிற்றைச் சுற்றி இழுத்தால் குழாய் வந்து சேரும். டேங்கர் மேலே ஏறினால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி பெட்ரோல் இறங்கும். கூரைக்கு மேலே ஒரு ஆள் நிற்க வேண்டியதில்லை!

1939 ஆகஸ்ட் 5 முதல் அக்டோபர் 1 வரை தபால் ஏற்றிய கடல் விமானங்கள் அட்லாண்டிக் கடலை 16 தடவை தாண்டின. அதில் 15 தடவை வானத்தில் பெட்ரோல் கொடுக்கப்பட்டது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டு எல்லாம் நின்று போனது.

போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் இவரிடம் இந்தச் சாமான்களை வாங்கினார்கள். 1948-இல் பெட்ரோல் கொடுப்பதற்கென்றே படைப்பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். அதில் ஒன்றான 43-ஆவது பிரிவின் டேங்கர்கள் உதவியோடு, 'லக்கி லேடி 2' என்ற குண்டுவீச்சு விமானம் 1949 பிப்ரவரி 26-இல் கிளம்பி மார்ச் 2-இல் இறங்கியது. 94 மணி நேரம் 1 நிமிஷம் எங்கும் இறங்காமல் உலகத்தையே சுற்றி வந்துவிட்டது! தபாலும் பயணிகளும் போக வேண்டும் என்றுதான் காப்ஹம் இதைத் தொடங்கினார். அணுகுண்டு விமானம் எங்கு வேண்டுமானாலும் போக முடியும் என்று காட்ட அது பயன்பட்டது. கத்தி செய்கிறவன் கையில் கத்தி இருப்பதில்லை என்பது எவ்வளவு உண்மை!

அதே 1949-இல் காப்ஹம் கம்பெனி இன்னும் எளிய முறையைக் கொண்டுவந்தது. டேங்கரின் குழாய் நுனியில் ஒரு புனல். மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விமானத்தின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பைப். விமானி மெதுவாக முன்னேறிப் பைப்பைப் புனலுக்குள் சொருகினால் பூட்டிக்கொண்டு வால்வு திறக்கும். வேகத்தைக் குறைத்துப் பின்வாங்கினால் கழன்று வால்வு மூடிக்கொள்ளும். யாரும் கயிறு வீச வேண்டாம், கொக்கி போட வேண்டாம். ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஒரே ஒரு விமானி ஓட்டிய மீட்டியார் ஜெட் விமானம் பத்து தடவை பெட்ரோல் வாங்கி 12 மணி 3 நிமிஷம் வானத்திலேயே இருந்தது. உள்ளே போன பெட்ரோல் பத்தாயிரம் லிட்டருக்கு மேல்!

பிரிட்டனில் 214-ஆவது படைப்பிரிவு 1958 முதல் வேலியண்ட் விமானங்களோடு இந்த முறையைப் பழகியது. 1965-இல் அந்த விமானங்களின் இறக்கையில் உலோகச் சோர்வு வந்து எல்லாமே ஓரங்கட்டப்பட்டன. நாம் மெட்டீரியல் பாடத்தில் படிக்கும் 'ஃபெட்டீக்' அதுதான். பிறகு விக்டர் விமானங்கள் வந்தன. சர் ஆலன் காப்ஹம் 1973 அக்டோபர் 21-இல் 79-ஆவது வயதில் காலமானார்.

நம் நாட்டில்

நம் 78-ஆவது படைப்பிரிவுக்கு வாங்கிய ஐ.எல்.-78 விமானங்கள் ஆறு. எல்லாவற்றிலும் அதே குழாயும் புனலும்தான். 2018 செப்டம்பர் 10-இல் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானம் 20,000 அடி உயரத்தில் இதிலிருந்து 1,900 கிலோ எரிபொருள் வாங்கியது. அதே வருடம்தான் முதல் தேஜஸ் படைப்பிரிவு நம் கோவைப் பக்கம் சூலூருக்கு வந்தது. 2020-இல் தஞ்சாவூருக்கு சுகோய் விமானங்கள் வந்தன. தஞ்சாவூரில் கிளம்பி இந்துமகா சமுத்திரத்துக்குள் வெகுதூரம் போய் வர வேண்டுமானால் டேங்கர்தான் துணை.

நமக்கு என்ன?

இதெல்லாம் எங்கேயோ வானத்தில் நடக்கிற சங்கதி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நான் அச்சங்குளத்துக்காரன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். என் அப்பா பட்டாசு ஆலையில் மருந்து அறை வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை முழுக்க அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மினுங்கும். சின்ன வயதில் அது எனக்கு அழகாகத் தெரிந்தது. 2021 பிப்ரவரி 12-இல் எங்கள் ஊர் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் பல பேர் இறந்த பிறகு அந்த மினுக்கத்தை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. நம் பக்கத்தில் விபத்து நடந்தால் பேப்பரில் உராய்வு என்ற ஒரு வார்த்தை தவறாமல் வரும். மருந்தைக் கலக்கும்போதும் செலுத்தும்போதும் அந்த உராய்வுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு மனிதனுடைய கை.

பெட்ரோலும் பொறியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பது காப்ஹமுக்கும் தெரியும். கூரைக்கு மேலே நீட்டிய கையை, பதினைந்து வருடம் போராடி அவர் உள்ளே எடுத்துக்கொண்டார். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு புனலையும் ஒரு வால்வையும் வைத்தார். அதைச் செய்யப் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் தேவைப்படவில்லை. பைப், வால்வு, ஸ்பிரிங், பூட்டு. எல்லாம் நம் பாடத்தில் இருப்பவைதான்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம் என்று நாம் சீனியர்களிடம் கேட்டுக்கொண்டு திரிகிறோம். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு, மருந்து அறையிலிருந்து ஒரு கையையாவது வெளியே எடுக்கும் ஒரு சின்னக் கருவியை நாலு பேர் சேர்ந்து யோசிப்போமா? வரைபடம் போட நான் ரெடி. மருந்து அறை வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லித்தர என் அப்பாவும் ரெடி. கெமிக்கல் பிரிவு நண்பர் ஒருவரும், எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர் ஒருவரும் வந்தால் போதும். வருகிறவர்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டுகிற ஒவ்வொரு ஸ்பிளிட் பின்னையும் மறக்காமல் விரித்துவிட வேண்டும்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்