அந்த நீள மூக்கு எங்கிருந்து வந்தது?

1984. இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக ஊர். அங்கே பிறந்த ஒரு கலைஞரின் நூற்றாண்டுக்காகக் கால்வாயைத் தூர்வாரினார்கள். இளவயசில் தன் சிற்பங்களை அவர் அதில் வீசிவிட்டுப் போனார் என்று ஊரில் ஒரு கதை. மூன்று கல் தலைகள் கிடைத்தன. நிபுணர்கள் பார்த்து அசல்தான் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் நம்ம வயசுப் பசங்க சிலர் வந்து, அதில் ஒன்று நாங்க ட்ரில்லிங் மிஷின் வெச்சு செஞ்சது என்றார்கள். டி.வி.யில் செய்தும் காட்டினார்கள்! மற்ற இரண்டும் வேறொருவர் கைவேலை.

பசங்க காப்பியடிச்சது அமெடியோ மோடிலியானியை. சரி, அந்த நீள மூக்கும், சின்ன வாயும், பாதாம் கண்ணும் அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா?

1884-ல் பிறந்தார். அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் வியாபாரம் திவாலானது. பதினாறு வயசுக்குள் டைஃபாய்டு, காசநோய் எல்லாம் பார்த்தாச்சு. 1906-ல் பாரிஸ். நமக்கு அவர் ஓவியர். அவருக்கோ சிற்பி ஆகணும்னுதான் வெறி. 1909-ல் பிரான்குசி என்ற ருமேனியச் சிற்பியின் பழக்கம் கிடைத்ததும் தூரிகையைக் கிட்டத்தட்ட ஓரம் கட்டிவிட்டார்.

அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐவரி கோஸ்ட், காபோன் பகுதிகளின் முகமூடிகள் பாரிஸின் ட்ரோகாடெரோ மியூசியத்தில் குவிந்து கிடந்தன. கலை என்று யாரும் வைக்கவில்லை, பழங்குடிப் பொருள் என்றுதான் வைத்தார்கள். 1907-ல் பிக்காசோ அங்கே போய் மிரண்டது பெரிய கதை, இன்னொரு இதழில் பேசலாம். அவர் அதிலிருந்து எடுத்தது முரட்டு வேகம். மோடிலியானி எடுத்தது அமைதி என்பேன்.

ஐவரி கோஸ்ட்டின் பவுலே மக்களிடம் 'ம்ப்ளோ' என்று ஒரு ஆட்டம் உண்டு. ஊர் மதிக்கிற ஒரு நிஜப் பெண்ணின் சாயலில் முகமூடி செதுக்குவார்கள். மேளமும் பாட்டுமாக ஆட்டம் நடக்கும். முகமூடி போட்டு ஆடுறது ஆண். அது யாருடைய முகமோ, அந்தப் பெண்ணும் கூடவே வந்து ஆடுவார்! போட்டோ மாதிரி அச்சு அசலாக இருக்காது. தாழ்ந்த கண், அகன்ற நெற்றி, நீண்ட மூக்கு. முகத்தை விட அவரோட நிதானம்தான் அதில் தெரியணும். அப்படிப்பட்ட முகமூடி கண்ணாடிப் பெட்டிக்கு வந்தபோது மேளமும் ஆளும் பேரும் ஊரிலேயே தங்கிவிட்டன. மரம் மட்டும் பாரிஸ் வந்து சேர்ந்தது.

மோடிலியானி களிமண்ணில் மாதிரி செய்து வார்க்கிற வழக்கத்தை விட்டு, சுண்ணாம்புக் கல்லில் நேரடியாகச் செதுக்கினார். எகிப்து, கம்போடியச் சிற்பங்களின் வாடையும் அதில் உண்டு. 1912-ல் ஏழு தலைகள் கண்காட்சிக்குப் போயின. ஆனா காசநோய் நுரையீரலும் கல் தூசியும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1914 வாக்கில் உளியைக் கீழே வைத்தார். இன்று மிஞ்சியிருப்பது சுமார் 25 சிற்பங்கள்.

மறுபடி தூரிகை. ஆனா கைக்கு அந்தத் தலைகள் மறக்கவில்லை. எதிரே உட்கார்ந்த ஒவ்வொருவரும் நீண்ட கழுத்தோடு, பல நேரம் கண்மணியே இல்லாமல் கேன்வாஸில் வந்தார்கள். இருந்தாலும் இன்னார்தான் என்று தெரியும். பவுலே சிற்பி செய்ததும் இதுதானே? அவர் படங்களை விற்றுக்கொடுத்த பால் கியோம் ஆப்பிரிக்கச் சிற்பங்களையும் விற்றவர்.

1917-ல் தனிக் கண்காட்சி. நிர்வாண ஓவியங்களைப் பார்த்துப் போலீஸே வந்துவிட்டது. 1920 ஜனவரி 24-ல் இறந்தார், வயசு 35. நிறைமாத கர்ப்பிணியான அவர் துணைவி ஜான், இரண்டு நாளுக்குள் உயிரை விட்டார். வயசு 21தான்.

2010-ல் அவருடைய கல் தலை ஒன்று பாரிஸில் 4.3 கோடி யூரோவுக்குப் போனது. 2015-ல் ஓர் ஓவியம் 17 கோடி டாலர். அடுத்த முறை ஏதாவது மியூசியத்தின் ஆன்லைன் பக்கத்தில் பவுலே முகமூடி கண்ணில் பட்டால் கீழே இருக்கிற விவரத்தையும் படிங்க. சிற்பியின் பேர் வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'பவுலே மக்கள்' என்று மட்டும் இருக்கும்.