கண்ணின் சதையை அளந்து அறுத்த சுசுருதர்

எங்கள் தாத்தா ஐம்பது ஆண்டுகளாக மல்லாட்டைக் கொல்லையில் வெயிலோடும் புழுதியோடும் உழைத்தவர். அவருடைய வலக்கண்ணில் மூக்கோரத்திலிருந்து சதையொன்று வளர்ந்து கருவிழியின்மேல் படர்ந்தது. ஓரிடத்தில் அதனை அறுத்தெடுத்தார்கள். ஓராண்டுக்குள் முன்னிலும் தடித்து மீண்டும் வளர்ந்துவிட்டது. கார்த்திகைத் தீபத்தன்று, மலையுச்சிச் சுடர் சிதறித் தெரிகிறது என்று அவர் சொன்னபோது வீட்டிலுள்ளோர் கலங்கினோம். அறுத்த சதை மீண்டும் ஏன் வளர்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய எனக்கு நூலகத்தில் வழிகாட்டியவர் சுசுருதர்.

சுசுருதரின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்பர் சிலர். அதற்குப் பிற்பட்டது என்பர் வேறு சிலர். அவரை விசுவாமித்திரரின் மைந்தர் என்று மகாபாரதம் கூறும். காசி மன்னரான திவோதாச தன்வந்திரியிடம் தோழர் பலரோடு சென்று அவர் மருத்துவம் பயின்றார் என்பது மரபு. ஆசிரியரிடம் கேட்டறிந்த அப்பாடமே சுசுருத சங்கிதை என்னும் நூலாயிற்று.

கத்தியைத் தொடுமுன் கை பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. மாணவர்கள் பூசணியிலும் சுரையிலும் வெள்ளரியிலும் அறுக்கப் பழகினர். துணியில் தைக்கப் பழகினர். தாமரைத் தண்டில் குத்தப் பழகினர். ஏட்டறிவு மட்டும் உடையவனையும், கைத்திறன் மட்டும் உடையவனையும் ஒற்றைச் சிறகுப் பறவைக்கு ஒப்பிட்டார் அவர். தேர்வுக்காக மட்டும் படிக்கும் நம்மைச் சற்றுச் சிந்திக்க வைக்கும் உவமை இது!

நூலின் இறுதிப் பகுதியாகிய உத்தர தந்திரம் 76 கண்நோய்களைக் கூறுகிறது. இப்பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பாரும் உளர். தாத்தாவின் நோய்க்கு இதில் அர்மம் என்று பெயர். மெல்லிய சதைக்கு மருந்தே போதும். தோல்போல் தடித்ததையும், கருவிழியை எட்டியதையும் அறுத்தே ஆக வேண்டும் என்கிறார் சுசுருதர்.

அறுக்கும் முறையையும் படிப்படியாக விளக்குகிறார். நோயாளிக்கு நெய்ப்பசையுள்ள உணவளித்து உட்கார வைக்க வேண்டும். உப்புத்தூளிட்டுச் சதையைக் கிளர்த்தி, ஒற்றடம் கொடுக்க வேண்டும். அவர் கடைக்கண் பக்கம் நோக்கியிருக்க, இமைகளை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, சதையில் சுருக்கம் விழும் இடத்தைக் கொக்கியால் பற்றி மெல்லத் தூக்க வேண்டும். பின் வட்டமுனைக் கத்தியால் கருவிழியிலிருந்தும் வெண்விழியிலிருந்தும் பிரித்து, மூக்கோரம் வரை கொணர்ந்து அறுக்க வேண்டும். அங்கே காற்பங்கு சதையை விட்டுவிட வேண்டும். மிகுதியாக வெட்டிக் கண்ணின் மூலையைச் சேதப்படுத்தினால் குருதி பெருகும், புரையோடும். குறைவாக வெட்டினால் சதை விரைவில் மீண்டும் வளரும். என் வினாவுக்குரிய விடையின் ஒரு பாதி இங்கே கிடைத்தது.

சுசுருதரின் நூல் பாக்தாதில் அரபு மொழிக்குச் சென்றது. 1907 முதல் கல்கத்தாவில் குஞ்சலால் பிஷக்ரத்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

விடையின் மறுபாதியை இரண்டாம் முறை தாத்தாவுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் கூறினார். அளவறிந்து அறுத்தாலும் வெண்விழியைத் திறந்தபடி விட்டால் பலருக்குச் சதை திரும்பவும் படரும். ஆகவே மேலிமைக்கு அடியில், வெண்விழியை மூடியுள்ள மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டெடுத்து அவ்விடத்தில் பதிக்கிறார்கள். வயலில் காலியான இடத்தில் களை முளைக்குமுன் நாற்று நடுவதைப் போன்றது இது. 1985இல் அமெரிக்க மருத்துவர் கென்யனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு செய்த 57 கண்களில் 3இல் மட்டுமே சதை மீண்டும் வளர்ந்தது.

தாத்தாவுக்கும் அவ்வாறே செய்தார்கள். சென்ற கார்த்திகையில் மாடியில் நின்று தீபத்தைக் கண்டவர், சுடர் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார். இப்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துதான் கொல்லைக்குப் போகிறார். சுசுருதரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் சுரைக்காயில் எத்தனை நாள் பழகியிருப்பார்கள்?