மறைக்காமல் எழுதிய மருத்துவர்

இசை கற்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு பிராம்ஸ் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய நெருங்கிய நண்பர் தியோடர் பில்ராத் (1829–1894). நன்றாகப் பியானோ வாசிப்பார். தொழில் அறுவை சிகிச்சை.

1881 ஜனவரி 29, வியன்னா. இரைப்பைப் புற்றுநோயால் சாப்பிட முடியாமல் மெலிந்துபோன 43 வயது தெரேசா ஹெல்லருக்கு, கட்டி இருந்த பகுதியை வெட்டியெடுத்து, மீதி இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். முன்பு இதைச் செய்த இருவரின் நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ராத்தின் சீடர்களோ முதலில் நாய்களிடம் செய்து பார்த்திருந்தார்கள்.

தெரேசா தேறினார், சாப்பிட்டார். நோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் சுமார் நான்கு மாதத்தில் இறந்தார். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அதுவரை ஒரு நாள்கூடக் கிடைக்காத நோய் அது!

எனக்கு இவரைப் பிடிப்பது வேறு காரணத்துக்காக: தம்மிடம் இறந்தவர்களின் கணக்கையும் மறைக்காமல் அச்சிட்டார். ‘பில்ராத் 1’ என்ற முறையை அறுவை மருத்துவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.